காணொளி வழியே விசாரணை செல்லுமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நடத்தும் மலையூர்ப் பள்ளியின் ஆசிரியை ஒருவர், தலைமையாசிரியர் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்திருக்கிறார். புகார்க் குழுவின் தலைவி எங்களுடைய வேறொரு பள்ளியிலும், வெளி உறுப்பினர் சென்னையிலும் இருப்பதால் காணொளி வழியே விசாரிக்க எண்ணி, ஆசிரியைக்குப் பள்ளியின் கணினி அறையை ஒதுக்கியுள்ளோம். இது செல்லுமா?
— ஒரு பள்ளித் தாளாளர்

பதில்: அறக்கட்டளைகளையும் தொண்டு நிறுவனங்களையும் கல்வி ஸ்தாபனங்களையும் சந்தேகத்துக்கு இடமின்றித் தன் வரம்புக்குள் கொண்டுவரும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், விசாரணை இன்ன அறையில்தான் நடக்க வேண்டும் என்று எங்கும் விதிக்கவில்லை. குற்றவியல் வழக்கிலேயே காணொளி வழியாகச் சாட்சியம் பதிவு செய்யலாம் என்று பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்திருக்கையில், ஒரு புகார்க் குழுவுக்கு அது ஆகாது என்று வாதிடுவது கடினம். தலைவி உட்பட மூன்று உறுப்பினரேனும் அமர்வு முழுவதும் இருந்தாக வேண்டும். இடையில் ஒருவரின் இணைப்பு அறுந்து அந்த எண்ணிக்கை குறைந்தால், அவர் திரும்பும்வரை விசாரணையை நிறுத்தி, அந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்தக் கணினி அறைதான். எவர் மீது புகார் செய்தாரோ அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட கட்டடத்தில், கதவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று அறியாமல், பள்ளிக்குச் சொந்தமான கணினியின் முன் அமர்ந்து, ஒரு பெண் தனக்கு நேர்ந்த அவமானத்தை எப்படி மனம் விட்டுச் சொல்வாள்? அவர் விரும்பும் இடத்திலிருந்து, தம் சொந்தக் கைப்பேசியில் பேசட்டும். தொடங்குமுன் ஒவ்வொருவரும் கேமராவைத் திருப்பித் தம் அறையைக் காட்டட்டும். குழுவைத் தவிர வேறெவரும் பதிவு செய்யலாகாது என்று எழுத்தில் சம்மதம் பெறுங்கள். ரகசியம் காப்பது 16-ஆம் பிரிவின் கட்டளை. வாக்குமூலத்தை அன்றே வாசித்துக் காட்டி, பக்கந்தோறும் கையொப்பம் பெறுவது அவசியம். எதிர்த்தரப்பின் குறுக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கித் தலைவியே கேட்பது உசிதம். வழக்கறிஞருக்கு இங்கே இடமில்லை.

தலைமையாசிரியருக்கும் நியாயம் உண்டு. தக்க காரணமின்றித் தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்கு வராதவரை விட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றாலும், அதற்கு முன் 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மழையில் இணைப்புக் கிடைக்காத நாளை அவர் வராத நாளாகக் கணக்கிடாதீர்கள். புகாரின் பிரதி 7 வேலை நாள்களுக்குள் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்பியாயிற்றா என்று முதலில் பாருங்கள்.