பல்பொருள் ஒருசொல்லும் சொற்சேர்க்கையும்: ஆங்கிலப் 'பிரேக்' வினையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

'பிரேக்' என்னும் ஆங்கில வினை பல பொருள் தருவது. அப்பொருள்களை எண்ணிட்டு அடுக்குவதைவிட, அவ்வினையுடன் சேரும் பெயர்களைக் கொண்டு பகுப்பதே இருமொழி அகராதிக்குப் பயன் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. முன்னுரை

ஒரு சொல்லின் பொருளை அதனுடன் வழக்கமாகச் சேர்ந்துவரும் சொற்களைக் கொண்டும் அறியவேண்டும் என்பதை 1950களில் வலியுறுத்தியவர் ஆங்கில மொழியியலறிஞர் ஜே.ஆர். ஃபெர்த். தொல்காப்பியக் கிளவியாக்கமோ, வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்கிறது. 'மா' என்பது பூத்தல் வினையோடு வரின் மரம். ஓடுதல் வினையோடு வரின் விலங்கு. அங்கு வினை பெயரைத் தெளிவிக்கிறது. 'பிரேக்' போன்ற வினைகளிலோ பெயர் வினையைத் தெளிவிக்கிறது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே அவ்வளவுகோல்கள் இங்குக் கையாளப்படுகின்றன.

2. பெயரால் தெளியும் பொருள்

'பிரேக்' கண்ணாடியைச் செயப்படுபொருளாகக் கொண்டால் உடைத்தல். எலும்பைக் கொண்டால் முறித்தல். 'பிரேக் எ ரெக்கார்ட்' எனின் சாதனையை முறியடித்தல். 'பிரேக் த சைலன்ஸ்' எனின் மௌனம் கலைத்தல். 'பிரேக் த லா', 'பிரேக் எ பிராமிஸ்' ஆகிய இரண்டும் கட்டுப்பாடு என்னும் ஓரினப் பெயர்களைக் கொண்டவை. ஆயினும் தமிழ் வழக்கில் பெரும்பான்மையும் சட்டத்தை மீறுவர், வாக்குத் தவறுவர். பிறர் விதித்த கட்டும் தானே ஏற்ற கட்டும் தமிழில் வெவ்வேறு வினை பெறுகின்றன. எனவே, இனத்தை அறிவதோடு அமையாது, பெயர்தோறும் வழக்கை அறிதல் வேண்டும்.

எழுவாயும் இவ்வாறே பொருளை வரையறுக்கும். 'டே பிரேக்ஸ்' எனின் பொழுது புலர்கிறது. 'வார் பிரேக்ஸ் அவுட்' எனின் போர் மூள்கிறது.

3. சார்பால் தெளியும் மரபுத்தொடர்

'பிரேக் எ லெக்' என்பதை மேடையேறும் நடிகரிடம் கூறினால் அது வாழ்த்து. விபத்தைப் பற்றிய பேச்சில் வந்தால் கால் முறிவு. இங்குப் பெயர் மாறவில்லை. சார்பே பொருளை வேறுபடுத்துகிறது. 'பிரேக் த ஐஸ்' என்பதும் அறிமுகமற்றோர் கூடிய இடத்தில் தயக்கம் நீக்கிப் பேச்சைத் தொடங்குதலைக் குறிக்கும்.

4. அகராதிக்குரிய பயன்

முதற்பொருளாக 'உடை' என்பதை மட்டும் கொண்டு மொழிபெயர்ப்போர் 'மௌனத்தை உடைத்தார்' என எழுதுகின்றனர். 'உடை' என்பதற்கும் தனக்கேயுரிய சேர்க்கைகள் உண்டு: குட்டு உடைதல், கட்சி உடைதல், உண்மையைப் போட்டு உடைத்தல். இவற்றை ஆங்கிலத்தில் 'பிரேக்' கொண்டு இயல்பாகக் கூற இயலாது. கண்ணாடி, மனம் முதலிய சில பெயர்களிடத்தே இரு வினைகளும் ஒத்து நிற்கின்றன. அவ்வொப்புமையே பிறவிடங்களில் பிழைக்கு வழிவகுக்கிறது.

ஆகவே, இருமொழி அகராதிப் பதிவில் தலைச்சொல்லை அடுத்து முதலில் சேரும் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் உரிய தமிழ் வினையும், இறுதியில் சார்புக் குறிப்புடன் மரபுத்தொடர்களும் இடம்பெறுதல் தகும்.

5. முடிவுரை

பல்பொருள் வினைக்கு நிகரான ஒற்றைத் தமிழ்ச்சொல்லைத் தேடுவது பொருந்தாது; சேர்க்கைக்கு நிகரான சேர்க்கையையே தேடவேண்டும். பெயர்ச்சொல்லுக்கு வகுக்கப்பட்ட தொல்காப்பிய அளவுகோல்கள், திசை மாற்றிக் கொள்ளப்படும்போது, இன்றைய அகராதியியலுக்கும் துணைபுரிகின்றன.