விளையாட்டுப் பொய்

மெய்யல்லாததனை மெய்யென நம்பச் செய்தலைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. அவற்றுட் சில நகைப்பையும் சில வெறுப்பையும் விளைப்பது யாது காரணத்தால் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கண்ணாமூச்சி, கண்கட்டு வித்தை என்பன ஒரு வகை. இவற்றில் ஏமாறுவோன் தானே உடன்பட்டு ஏமாறுகின்றான். புரட்டு, பித்தலாட்டம், வஞ்சனை என்பன மற்றொரு வகை. இவற்றில் ஏமாறுவோன் உடன்படவுமில்லை. உண்மை அவனுக்கு உரைக்கப்படுவதுமில்லை. இனி, குழந்தையின் வாயில் வெல்லத்தை இட்டுக் காது குத்துவது நம் நாட்டு வழக்கம். வளர்ந்தவரையும் அவ்வாறே ஏய்க்க முயல்வானை, "எனக்கா காது குத்துகின்றாய்?" என வினவுகின்றோம்.

வேடம் என்னும் சொல்லோ இரு வகைக்கும் பொது. ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டை உள்ளடக்கிய திருவண்ணாமலை மாவட்டத்தில் தெருக்கூத்து இன்றும் நிகழ்கின்றது. இரவெல்லாம் துரியோதனனாய் முழங்கியவன் விடிந்ததும் வேடம் கலைத்துத் தன் தொழிலுக்குச் செல்கின்றான். அவனைப் பொய்யன் என்பார் இலர். துறவி வேடம் பூண்டு பொருள் பறிப்பவனையோ வேடதாரி என இகழ்கின்றோம். கலைக்கப்படும் வேடம் விளையாட்டு. கலைக்கப்படாதது வஞ்சனை என்க.

கலைக்கப்படாத வேடம் நெடுந்தொலைவு செல்லும் என்பதற்குப் புதுச்சேரியோடு தொடர்புடைய 'எசூர்வேதம்' சான்றாம். யஜுர் வேதத்தின் பெயரைத் தாங்கிய இப்பிரெஞ்சு நூல், வியாசரும் சுமந்துவும் உரையாடுவதாக அமைந்து, பல தெய்வ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளைப் போற்றுவது. 1760ஆம் ஆண்டில் இதன் கையெழுத்துப் படியைப் பெற்ற வோல்ட்டேர், இதனைத் தொன்மையான பிராமண நூலின் மொழிபெயர்ப்பென நம்பிப் பாரிஸ் அரச நூலகத்திற் சேர்ப்பித்தார். 1778இல் நூல் அச்சேறிற்று. 1782இல் சொன்னெரா என்பார் இஃது ஒரு பாதிரியாரின் ஆக்கம் என வெளிப்படுத்தினார். திருக்குறளுக்கு உரை வரைந்த எல்லிஸ் துரை, புதுச்சேரியிலிருந்த படிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1822இல் வெளிவந்தது.

ஆசிரியர் ஏய்க்கக் கருதினாரோ, போதனைக்கு ஏற்ற வடிவமென்று மட்டும் கொண்டாரோ என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. விளைவு யாதாயிற்று? கிறிஸ்து மறைக்கு வழி செய்ய எழுதிய நூலையே, அம்மறையினும் இந்தியரின் ஒரு கடவுட் கொள்கை பழையதென நாட்ட வோல்ட்டேர் எடுத்தாண்டார்!

தீங்கற்ற நன்மை தரும் பொய்க்கு வள்ளுவரும் இடந்தந்தார். எனினும், அந்நன்மையைப் பொய் கூறியவனே அளந்து கொள்ளலாகாது. விடுதிக்குப் புதிதாய் வரும் மாணாக்கரிடம் விளையாட விழைவோர் இதனை நினைவிற் கொள்வாராக. பொழுது சாயுமுன் உண்மையை உரைத்து, ஏமாந்தவனும் உடனிருந்து நகைப்பானாயின் அது விளையாட்டு. அவன் மட்டும் நகையாதிருப்பின், அதற்குரிய பெயர் வேறு.