கந்தையானாலும் தைத்துப் போர்த்து

கேள்வி: மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான அறையைத் தையல் அறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மெஷின், கட்டிங் மேட், கட்டர் எல்லாம் வந்தாயிற்று. குயில்ட் தைக்க வகுப்பில் சேரப்போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாவ்ஷி சிரிக்கிறார். “இது எங்க ஊர்க் கோதடிதானே, இதுக்கு வகுப்பா?” என்கிறார். இந்தக் கலை உண்மையில் எங்கே பிறந்தது?
– ஒரு வாசகி, கோத்ரூட், புனே

பதில்: மாவ்ஷி சொல்வது முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கும் சுவாரசியமானது. அதில் நம் சோழமண்டலக் கரைக்கும் பங்கு உண்டு.

முதலில் கோதடி. மகாராஷ்டிரக் கிராமப் பெண்கள் கட்டிய ஒன்பது கஜப் புடவை, லுகடே, துவைத்துத் துவைத்து மல் துணிபோல மென்மையாகிப் போனபிறகு அதைத் தூக்கி எறிவதில்லை. நல்ல பாகத்தை மேலும் கீழும் வைத்து, நடுவே கிழிந்த வேட்டி, சட்டைத் துண்டு என்று வீட்டில் கிடைத்ததையெல்லாம் பரப்பி, ஓட்டுத் தையலால் வரிவரியாகத் தைத்துவிடுவார்கள். பஞ்சு கிடையாது. துணி அடுக்குதான் கதகதப்பு. இதையே வாகள் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. பிறந்த குழந்தைக்குச் சின்னதாகத் தைத்தால் துபட்டே. புது மில் துணியைவிடப் பத்து வருடம் உழைத்த பருத்திப் புடவைதான் குழந்தையின் தோலுக்கு இதம் என்பது அவர்கள் கணக்கு, மறுக்க முடியாத கணக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புனேயில் வெப்பம் பத்து டிகிரியைத் தொடும். சில நாள் அதற்கும் கீழே இறங்கும். சென்னையிலிருந்து போனவர்களுக்குக் கோதடியின் அருமை அப்போது தெரியும்.

பிறந்த இடம் என்று ஒரே ஊரைக் காட்டச் சொன்னால் நான் காட்டமாட்டேன். எகிப்தின் முதல் அரச வம்சத்தைச் சேர்ந்த ஓர் அரசனின் சிறு தந்தச் சிலை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுப் பழசு. அந்த அரசன் போர்த்தியிருப்பது குறுக்கும் நெடுக்கும் தைத்த அடுக்குத் துணி போலவே தெரிகிறது. இத்தாலியின் சிசிலியில் 14ஆம் நூற்றாண்டில் தைத்த டிரிஸ்டன் போர்வை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ளது. காதல் கதை ஒன்றைக் காட்சி காட்சியாகத் தையலிலேயே சொல்வது. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் படைவீரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி அணிந்திருந்ததை எழுதியிருக்கிறார். வாள்வெட்டைத் தடுக்கவும் இதே அடுக்குத் தையல் உதவியிருக்கிறது.

ஒட்டுத்துணி வேலைக்கு நம் நாட்டில் எழுத்துச் சான்று இன்னும் பழையது. பௌத்தத் துறவிகள் தூக்கி எறிந்த துணிகளைச் சேர்த்துத் தைத்து உடுத்த வேண்டும் என்பது விதி. மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் கட்டம் கட்டமாகக் கிடப்பதைப் புத்தர் பார்த்து, துவராடையை அதே மாதிரி அமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாகவும், ஆனந்தர் அப்படியே தைத்துக் காட்டியதாகவும் விநயபிடகம் சொல்கிறது. துண்டு துண்டான துணிக்குத் திருட்டுப் பயமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. ‘டிசைனர்’ என்ற சொல்லுக்கு இந்தியாவில் முதல் உரிமை கோரக்கூடியவர் ஆனந்தர்தான் என்று எனக்குத் தோன்றும்.

இனி அந்தக் கால் பங்கு. ஒட்டுப்போர்வை ஏழ்மையில் பிறந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கோதடிக்கு அது சரி. இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப்போர்வைகளில் ஒன்று கம்பிரியாவின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் உள்ளது. சுமார் 1708இல் தைத்தது. அதில் உள்ள துண்டுகள் இந்தியாவில் சாயம் ஏற்றிய பூப்போட்ட பருத்தித் துணி. மசூலிப்பட்டணம் முதல் நாகப்பட்டினம் வரை நம் கிழக்குக் கரையில் எழுதியும் அச்சிட்டும் அனுப்பிய ‘சின்ட்ஸ்’ துணிகள் ஐரோப்பாவைப் பைத்தியமாக்கிய காலம் அது. துவைத்தாலும் போகாத சிவப்பு அவர்களுக்குப் புதிது. உள்ளூர் நெசவாளர்கள் கூச்சலிட்டார்கள். 1686இல் பிரான்ஸ் தடை போட்டது. இங்கிலாந்து 1701இல் பாதியும் 1721இல் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கதவைச் சாத்தியது. தடை வந்தால் என்ன ஆகும்? கையில் இருக்கும் துண்டு தங்கமாகிவிடும். சீமாட்டிகள் சின்ட்ஸில் உள்ள பூவையும் பறவையையும் தனியாக வெட்டி எடுத்து வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்தார்கள். அங்கே சேமித்தது கந்தலை அல்ல, விலை உயர்ந்த சரக்கை.

ஆக, துணி அரிதாக இருந்த இடத்தில்தான் இந்தக் கலை வளர்ந்தது. காசு இல்லாததால் அரிதா, சட்டத்தால் அரிதா என்பது மட்டும் வேறு. துணி மலிந்த பிறகு வந்தது உங்கள் தையல் அறை. முழுத் துணியைப் புதிதாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சேர்த்துத் தைப்பதைப் பார்த்துத்தான் மாவ்ஷி சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1971இல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் அமெரிக்க ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்த நாளிலிருந்து, போர்த்திக்கொள்ளாத போர்வைக்கும் உலகில் இடம் வந்துவிட்டது. 2019இல் சென்னையிலேயே குயில்ட்டுக்கென்று ஒரு திருவிழா நடந்தது.

கேள்வி: தையல் மெஷினைச் சிங்கர் தன் மனைவி படும் கஷ்டம் பொறுக்காமல் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்தேன். உண்மையா?
– அதே வாசகி

பதில்: அழகான கதை. அதைப் பரப்பியவரும் சாதாரணமானவர் அல்ல. 1924 ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்து உங்கள் புனேயின் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, குடல்வால் அறுவை சிகிச்சைக்குப்பின் விடுதலையானார் காந்தி. அதே ஆண்டின் பிற்பகுதியில் டெல்லியில் ஓர் இளைஞர் அவரை மடக்கினார்: நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா? காந்தி தையல் மெஷினை விதிவிலக்காகச் சொல்லி, சிங்கர் மனைவிமேல் வைத்த அன்பால் அதை உருவாக்கினார் என்று விளக்கினார். கேள்வி கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன்; பின்னாளில் திண்டுக்கல் அருகே மனைவி சௌந்தரம் அம்மாளோடு காந்திகிராமத்தை நிறுவியவர்.

நடந்தது வேறு. ஐசக் சிங்கர் 1850இல் பாஸ்டனில் ஒரு பட்டறையில் ரிப்பேருக்கு வந்த இன்னொருவரின் மெஷினைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம், காசு பார்க்கலாம் என்று இறங்கினார். 1851இல் பேடன்ட். குடும்ப வாழ்க்கையில் அவர் அன்புக்கு உதாரணம் சொல்லக்கூடியவரும் அல்லர். பல பெண்கள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

அவருக்கு முன்பே வரிசையாக ஆட்கள். லண்டனில் தாமஸ் செயின்ட் 1790இல் தோல் தைக்க ஒரு வரைபடம் பதிவு செய்தார். பிரெஞ்சுத் தையற்காரர் திமோனியே 1830இல் பேடன்ட் வாங்கி, பாரிஸில் ராணுவ உடுப்புத் தைக்க 80 மெஷின் போட்டார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் மறு வருடமே புகுந்து நொறுக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் 1830களில், இரண்டு நூல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் தையலைக் கண்டுபிடித்தும் பேடன்ட் எடுக்கவில்லை. 1846இல் எலியாஸ் ஹோ எடுத்தார், சிங்கர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

தொடக்கத்தில் பலர் முட்டிமோதிய இடம் ஒன்றுதான்: கை அசைவை அப்படியே இரும்பில் செய்ய நினைத்தது. கை ஊசி துணியின் அந்தப் பக்கம் முழுவதும் போய்த் திரும்பும். மெஷினால் அது முடியாது. ஊசியின் காதைக் கொண்டையிலிருந்து முனைக்கு மாற்றி, கீழே பாபினில் இரண்டாவது நூலை வைத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. ஊசி இறங்கி, சற்று ஏறும்போது நூல் வளையம் போடுகிறது. ஷட்டில் அந்த வளையத்துக்குள் கீழ்நூலைக் கொண்டுபோகிறது. உங்கள் மெஷினின் அடிமூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், தெரியும்.

சிங்கரின் உண்மையான சாதனை, கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் கொண்டுவந்த தவணை முறை. அது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தியாவுக்கும் வந்தது. பிறகு 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷா மெஷினைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அரசே சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு மெஷினை இலவசமாகத் தருகிறது. சிங்கர் கேட்டால் மயக்கம் போட்டிருப்பார்.

கேள்வி: நூல்கண்டுக்கும் ஒரு பூர்விகம் உண்டா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! பக்கத்து விக்கிரமசிங்கபுரத்துக்குப் போய் ஆலைச் சங்கைக் கேட்டுவிட்டு வந்தாலே பாதி பதில்.

பருத்தித் தையல் நூல் நெப்போலியன் காலத்துப் பிள்ளை. போரினால் பட்டு வரத்து நின்றபோது, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் கிளார்க் குடும்பத்தார் பட்டுக்கு மாற்றாக வழவழப்பான பருத்தி நூலை முறுக்கினார்கள். அதே ஊரில் கோட்ஸ் குடும்பம் போட்டிக்கு வந்தது. மெஷின் வந்ததும் பழைய நூல் வேகம் தாங்காமல் அறுந்தது. ஆறு இழை சேர்த்து முறுக்கிய நூல் பிறந்தது. இங்கே ஹார்வி சகோதரர்கள் 1880களில் தாமிரபரணி நீர்விசையை நம்பிப் பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்திலும், பிறகு தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலை வைத்தார்கள். தூத்துக்குடிக் கோரல் மில்லில்தான் 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். ஹார்வி ஆலைகள் மதுரா மில்ஸாகி, 1974இல் கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. புனே வாசகிக்கு ஒரு வார்த்தை: பழைய பருத்திப் புடவையைத் தைக்கப் பருத்தி நூலே போதும். பாலியஸ்டர் நூல் அந்தத் துணியைவிட உறுதியானது. இழுபட்டால் முதலில் கிழிவது புடவைதான்.

கேள்வி: பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி ஒரு கட்டர் வாங்கினேன். அது எந்த நாட்டுச் சரக்கு?
– கோத்ரூட் வாசகி

பதில்: ஜப்பான். ஒல்ஃபா நிறுவனம், 1979. மழுங்கிய நுனியை ஒடித்துவிட்டுப் பயன்படுத்தும் பேப்பர் கத்தி இருக்கிறதே, அதுவும் அவர்களுடையதுதான். விரல் பத்திரம்.

கேள்வி: வீட்டுக்குள் தையலுக்கென்று தனி அறை வைத்துக்கொள்வது நம் பழக்கமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை. நம் ஊரில் தையல் என்பது திண்ணை வேலை. வெள்ளைக்காரர் பங்களாவில்கூட தர்ஜி எனும் தையற்காரர் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்துதான் தைத்தார். வெளிச்சம் அங்கேதானே இருக்கிறது? உங்கள் ஊர்ப் புது மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில், சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டு அழகர் திருவிழா உடுப்புகளைத் தைத்தார்கள். அண்மையில் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றும்வரை உலகத்திலேயே அழகான தையல் ஸ்டுடியோ அதுதான் என்று நான் சாதிப்பேன்.

பெண்களுக்கென்று தையல் கூடம் வந்தது பள்ளிகளோடு. புனேயில் ரமாபாய் ரானடே 1909இல் தொடங்கிய சேவாசதனம் விதவைகளுக்கும் படிப்பை விட்ட பெண்களுக்கும் கைத்தொழில் சொல்லித்தந்தது. அதில் தையல் முக்கியம். பொழுதுபோக்குக்கு அல்ல, சொந்தக் காலில் நிற்க.

ஆகவே கோத்ரூட் அம்மா, அறையில் பாதிக் கவனத்தை ஜன்னலுக்குக் கொடுங்கள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழட்டும். வெட்டும் மேசை சாப்பாட்டு மேசை உயரம் இருந்தால் இடுப்பு போய்விடும். நின்றபடி முழங்கை மடக்கினால் கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புனே ஈரத்தில் ஊசி துருப்பிடிக்கும். மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடி வையுங்கள். சின்னச் சாமான்களுக்கு ரவிவார் பேட்டின் போஹ்ரி ஆளிக்குப் போங்கள். புதன், ஞாயிறு கூடும் ஜூனா பஜாரில் பழைய இரும்பு மெஷின் கிடைத்தால் பேரம் பேசுங்கள்.

கேள்வி: கோதடியை நடுவில் ஆரம்பிக்க வேண்டுமா, ஓரத்திலா? வகுப்பில் நடு என்கிறார்கள், மாவ்ஷி ஓரம் என்கிறார்.
– கோத்ரூட் வாசகி (விடமாட்டேன் என்கிறார்)

பதில்: இரண்டும் சரி. அமெரிக்க முறையில் மேல்துணி முழுவதையும் முதலில் தைத்து முடித்து, பஞ்சு அடுக்கும் அடித்துணியும் வைத்துப் பிறகு மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். பஞ்சு நகரும், துணி சுருக்கம் விழும். நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போனால் சுருக்கம் ஓரத்தில் வெளியேறிவிடும்.

மாவ்ஷி முறைக்குப் பக்கத்து மாநிலத்தில் நல்ல உதாரணம் உண்டு. வட கர்நாடகத்தின் ஹளியாள், எல்லாபுரம் காடுகளில் வாழும் சித்திகள், பல நூற்றாண்டுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் கவந்தியில் மேல்துணி என்று முன்கூட்டி ஒன்றும் இருக்காது. அடித்துணியை விரித்து, ஓரத்தில் ஒரு துண்டை மடித்து வைத்துத் தைத்தபடியே அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். ஒட்டுவதும் அடுக்கைத் தைப்பதும் ஒரே வேலை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ வைப்பார்கள். அது இல்லாத கவந்தி அம்மணம் என்பார்கள். நழுவுகிற பஞ்சு இல்லாததால் ஓரத்தில் தொடங்கினாலும் பாதகமில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் உள்ளங்கையால் நடுப்பக்கம் நீவிவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் போர்வையைத் துபட்டே அளவில் எடுத்துக்கொண்டு, மாவ்ஷியையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓரத்திலேயே ஆரம்பியுங்கள். வகுப்புக்கு அடுத்த மாதம் போகலாம்.