வழக்கத்தை முதலில் படி, மகள்

தெரணியகலை

அன்புள்ள மகள் தர்ஷினிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை. காலைப் பெரட்டு கலையும் நேரத்தில் பிடித்தால் பொழுது சாயும்வரை ஊற்றுகிறது. அம்மாவுக்கு இந்த மாதம் அரைநாள் சம்பளமே கிடைக்கிற, அரைப் பேர் விழுந்த நாட்கள் அதிகம். அதை நினைத்து நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே. படிப்பைப் பார்.

விசித்திரமான சுப்பர்நோவாக்களைப் பற்றித்தான் பின்னாளில் ஆய்வு செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தில், முதலாம் வருடக் கணிதமும் செய்முறை வகுப்பும் அலுப்புத் தட்டுகின்றன என்றும் எழுதியிருந்தாய். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, மகள். எது வழக்கம் என்று கைக்குப் பழகியவருக்குத்தான் எது விசித்திரம் என்று கண்ணில் படும். உன் அம்மா பேசிக்கொண்டே கொழுந்தெடுக்கிறாள். ஒரு முற்றல் இலை விரலில் பட்டால் மட்டும் கை நின்றுவிடும். இந்தத் துறையும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

1941இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி, வெடித்த விண்மீன்களான சுப்பர்நோவாக்களின் நிறமாலைகளை வைத்து அவற்றை இரண்டாகப் பிரித்தார். ஐதரசன் கோடு இல்லாதது முதல் வகை, இருப்பது இரண்டாம் வகை. பின்னாளில் முதல் வகைக்குள்ளும் பிரிவுகள் வந்தன. சிலிக்கன் கோடு ஆழமாக விழுவதை ‘ஐஏ’ என்றார்கள். அது வெண்குள்ளன் வெடிப்பது. எரிபொருள் தீர்ந்து, பூமியளவுக்குச் சுருங்கிப்போன, காபனும் ஒட்சிசனும் நிறைந்த விண்மீன்தான் வெண்குள்ளன்.

வழக்கமான ஐஏ ஒன்றை எடுத்துக்கொள். சிலிக்கனின் அந்தக் கோடு ஆய்வுகூடத்தில் 635.5 நனோமீற்றரில் இருக்கும். வெடிப்பு உச்ச ஒளியில் இருக்கும்போது எடுத்த நிறமாலையில் அது 615 அளவில் கிடக்கும். வித்தியாசம் 20.5. அதை 635.5ஆல் வகுத்து, ஒளியின் வேகமான செக்கனுக்கு 300,000 கிலோமீற்றரால் பெருக்கு. ஏறக்குறைய 9,700 வரும். அதாவது, வெடித்துச் சிதறிய பொருள் செக்கனுக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் நம் பக்கம் பாய்கிறது. உயர்தரத்தில் நீ படித்த தொப்ளர் விளைவு போதும், இதைக் கணக்கிட. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: வெடிப்பு நடந்த கலக்சி நம்மைவிட்டு விலகிப்போகிற வேகத்தை முதலில் கழித்துவிட வேண்டும். கழிக்காமல் கணக்குப் போட்டால் சாதாரணமானதும் விசித்திரமாகத் தெரியும்.

இந்த அளவு மனதில் நின்றபிறகு 2005ஹெச்கே என்ற சுப்பர்நோவாவைப் பார். தொடக்க நிறமாலையில் அது 1991டி என்ற மிகப் பிரகாசமான வெடிப்பைப் போலச் சூடாகத் தெரிந்தது. ஒளியோ 1991பிஜி என்ற மங்கலான வெடிப்பின் அளவுக்குத்தான் இருந்தது. சிலிக்கன் கோட்டை அளந்தால் வேகம் சுமார் 6,000தான். சூடும் மங்கலும் மந்தமும் ஒன்றிலேயே சேர்ந்திருந்தன. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீற்றர் உயரத்தில், இரண்டு மீற்றர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்து ஹொஸ்கோட்டேயில் இருந்துகொண்டே செய்மதி வழியாக அதை இயக்குகிறார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் டி. கே. சாஹு, ஜி. சி. அனுபமா ஆகியோர் அந்தத் தொலைநோக்கியிலும் ஜப்பானின் சுபாரு தொலைநோக்கியிலும் கிடைத்த தரவுகளைக் கொண்டு, இந்த வெடிப்பின் போக்கை 400 நாள் அளவுக்குத் தொடர்ந்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். அனுபமா பின்னர் இந்திய வானியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

இப்படிப்பட்டவற்றுக்கு இன்று ‘ஐஏஎக்ஸ்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. வெண்குள்ளனுக்குள் பற்றிய தீ ஒலியைவிட மெதுவாகப் பரவி, முழு விண்மீனையும் சிதறடிக்காமல் அடங்கிப்போயிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். அப்படியானால் வெடித்த இடத்தில் மிச்சம் ஒன்று இருக்க வேண்டும். 2012இசட் என்ற வெடிப்பு நடந்த இடத்தை ஹபிள் தொலைநோக்கி முன்பே படம் எடுத்திருந்தது. நீல நிற விண்மீன் ஒன்று அங்கே இருந்தது. வருடங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த இடம் வெடிப்புக்கு முன் இருந்ததைவிடவும் பிரகாசமாக இருந்தது. வெடிப்பில் தப்பிய மிச்சம் அங்கே இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்தது.

அடுத்து, வெண்குள்ளர்களை ஆராய்ந்த சந்திரசேகரைப் பற்றிக் கேட்டிருந்தாய். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறியபோது அவருக்குப் 19 வயது. வெண்குள்ளன் ஒன்று தாங்கக்கூடிய நிறைக்கு எல்லை உண்டு என்று அந்தப் பயணத்தில்தான் கணக்கிடத் தொடங்கினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்கிறோம். 1935 ஜனவரியில் இலண்டனில் அவர் அதை எடுத்துச் சொன்ன அதே கூட்டத்தில் எடிங்டன் எழுந்து அதைக் கேலிக்குரியதாக்கினார். எடிங்டன் அன்று அந்தத் துறையின் பெரிய தலை. சந்திரசேகர் கணக்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை, சண்டைக்கு நிற்கவும் இல்லை. எல்லாவற்றையும் புத்தகமாக எழுதி 1939இல் வெளியிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். நோபல் பரிசு 1983இல் வந்தது. ஹன்லேயில் இருக்கும் தொலைநோக்கிக்கு அவருடைய பெயர்தான்.

அந்த எல்லையை மீறியதுபோல் தெரிகிற வெடிப்புகளும் உண்டு. 2003எஃப்ஜி என்பது வழக்கமானதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசித்தது. ஐஏயின் ஒளி, வெடிப்பில் உண்டாகும் கதிரியக்க நிக்கல் கோபாற்றாகவும் பிறகு இரும்பாகவும் மாறுவதால் வருவது. அவ்வளவு ஒளிக்குத் தேவையான நிக்கலைக் கணக்குப் பார்த்தால், வெடித்தது சூரியனைப்போல் இரண்டு மடங்கு நிறையுள்ளது என்று 2006இல் எழுதினார்கள். பொருளின் வேகமும் சற்றுக் குறைவு. கனம் கூடக்கூட ஈர்ப்பு இறுக்கிப் பிடிக்கும் என்பதோடு இது பொருந்துகிறது. உடனே ‘சந்திரசேகர் எல்லை உடைந்தது’ என்று நீ துள்ளாதே. அவர் கணக்கிட்டது சுழலாத தனி விண்மீனுக்கு. வேகமாகச் சுழன்றால் கூடுதல் நிறையைத் தாங்கலாம். இரண்டு வெண்குள்ளர்கள் மோதி ஒன்றானாலும் இரண்டின் நிறையும் சேரும். விதிக்குப் புறம்பாக ஒன்று தெரிந்தால், அந்த விதி எந்த நிபந்தனையில் சொல்லப்பட்டது என்று முதலில் திரும்பிப் பார். அந்த நிபந்தனைகளைத்தான் உனக்கு அலுப்புத் தட்டுகிற வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள்.

‘தோட்டத்துப் பிள்ளைக்கு இதால் என்ன பிரயோசனம்’ என்று விடுதியில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தாய். பிரபஞ்சம் விரிவது வேகமெடுக்கிறது என்று 1998இல் கண்டது ஐஏ வெடிப்புகளை அளவுகோலாக வைத்துத்தான். 2011இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த அளவுகோலுக்குள் ஐஏஎக்ஸ் போன்றவை கலந்தால் தூரக் கணக்குப் பிழைக்கும். ஆகவே பிரித்தெடுக்கிற வேலை வெறும் பெயர் வைப்பு வேலை ஆகாது. தோட்டத்துப் பிள்ளையா என்ற கேள்விக்கு நீ வாயால் பதில் சொல்லத் தேவையில்லை. 2008இல் 2008ஹெச்ஏ என்ற வெடிப்பைக் கண்டுபிடித்த கரோலின் மூருக்கு அப்போது 14 வயது. நியூயோர்க் மாநிலத்துப் பிள்ளை. ஆர்வலர் குழு ஒன்று எடுத்த படங்களைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்ததில் அது கிடைத்தது. வழக்கமான ஐஏயைவிட நூறு மடங்கு அளவில் மங்கலானது. பொருளின் வேகம் செக்கனுக்குச் சுமார் 2,000 கிலோமீற்றர்தான். அது எப்படி வெடித்தது என்று பெரியவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

நம் தெரணியகலை வானத்தை நம்பி இருக்காதே. மழையும் மலையும் மறைத்துவிடும். 1987 பெப்ரவரியில் பெரிய மகெல்லன் மேகத்தில் வெறும் கண்ணுக்கே தெரிந்த வெடிப்புக்கூட, இங்கிருந்து தெற்கே அடிவானத்துக்கு மேல் 14 பாகையைத் தாண்டாது. அதனால் தரவைப் பிடி. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்துத் தரவகத்தில் ஆயிரக்கணக்கான நிறமாலைகள் இருக்கின்றன. காசு கொடுக்கத் தேவையில்லை. முதலில் 2011எஃப்ஈயை எடு, அது வழக்கமானதற்கு நல்ல மாதிரி. சிலிக்கன் கோட்டை நீயே அளந்து வேகத்தைக் கணக்கிடு. அதன்பிறகு 2005ஹெச்கே. மூன்றாவதாக, 2003எஃப்ஜியின் இனத்தைச் சேர்ந்த 2009டிசி. அளவுகளோடு பிழை வரம்பையும் எழுது. செய்முறை வகுப்பில் பிழை வரம்பு எழுதச் சொல்லும்போது முகம் சுளிக்காமல் எழுதிப் பழகு. இரண்டு வேகங்கள் உண்மையிலேயே வேறா என்று அதைக்கொண்டுதான் முடிவு சொல்லலாம். மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. போய்ப் பார்க்க வழியுண்டா என்று உன் விரிவுரையாளரிடம் கேள். கேட்பதற்கு வெட்கப்படாதே.

அலுப்பாக இருந்தாலும் ஒரு கணித விரிவுரையையும் விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பஸ் காசுக்கு யோசித்து லீவுக்கு வராமல் இருந்துவிடாதே, நான் அனுப்புகிறேன். வரும்போது அந்த மூன்று கணக்குகளையும் எழுதிய கொப்பியைக் கொண்டு வா. உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா