வீடு தேடலும் குடியிருப்புப் பிரிவும்

'சேரி' என்னும் சொல், மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருளில் பழந்தமிழில் வழங்கியது. பார்ப்பனர் வாழிடமும் அன்று சேரியே. பின்னாளில் அச்சொல் ஒதுக்கப்பட்டோர் உறைவிடத்தையே சுட்டலாயிற்று. இவ்வொதுக்கம் சட்டத்தாலும் வன்முறையாலும் மட்டும் நிகழ்வதன்று; நாம் வீடு தேடும் முறையாலும் நிகழ்கிறது.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் ஒரு வீடு தேடல் உண்டு. மதுரைப் புறஞ்சேரி துறவோர்க்கு உரியது. அகநகர் வணிகர் நின் நிலையறிந்து ஏற்பர், பொழுது சாயுமுன் செல்க எனக் கவுந்தியடிகளும் மாடலனும் கோவலனுக்கு உரைக்கின்றனர். அவ்வேளை மாதரி அவ்வழி வந்து அடிகளை வணங்கியிராவிடின், வணிகன் வணிகர் தெருவையே நாடியிருப்பான். ஓர் அறிமுகம் அவனை ஆயர்பாடிக்குக் கொண்டுசென்றது.

இன்றும் வீடு தேடுவோர் நகர் முழுவதும் தேடுவதில்லை. சிகாகோ நகரை ஆராய்ந்த கிரைசன், குரவுடர் இருவரும் 2017இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்குகின்றனர். உற்றார் வாயிலாக அறிந்த பகுதிகளே தேடுவோர் நினைவில் எழுகின்றன. ஏனைய பகுதிகள் எழுவதே இல்லை. அண்டை வீட்டாருள் சிலரேனும் தம்மவராக இருத்தல் வேண்டும் என்னும் மிதமான விருப்பமே ஒரு நகரை முற்றும் பிரித்துவிடக் கூடும் என்பதைத் தாமஸ் செல்லிங் 1971இலேயே காட்டினார்.

பீங்கான் தொழிலும் இருப்புப்பாதைச் சந்திப்பும் நம் விருத்தாசலத்திற்கு வெளியூராரை அழைத்து வந்தன. புதிதாக வருபவர் பணியிடத்திலோ, தேநீர்க் கடையிலோ, தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் முற்றத்திலோதான் வீடு விசாரிப்பார். பாங்கொலி கேட்கும் தொலைவில் குடியிருக்க விரும்புதல் இயல்பே. ஆயின் விருப்பத்தையும் மறுப்பையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். பெயரைக் கேட்டதும் "நேற்றே ஆள் வந்தாயிற்று" என்னும் விடையை இருமுறை பெற்றவன், மூன்றாம் முறை அத்தெருவுக்குச் செல்லான். பிறகு ஊரார், "அவர்கள் தாமாகவே கூடி வாழ்கின்றனர்" என்பர்! தில்லிப் பகுதியில் சுகதேவ் தோரட் முதலியோர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், தலித், முஸ்லிம் பெயர்களில் வாடகை வீடு கேட்டோர்க்கே மறுப்பு மிகுதியாக இருந்தது. நம்மவருள் வீடுடையோரும் பிற சமூகத்தார்க்கு விடத் தயங்குவதுண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேடலையே தவிர்த்த முயற்சி ஒன்று தமிழகத்தில் உண்டு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. அத்திட்டத்தில் நூறு வீடுகளுள் 40 தாழ்த்தப்பட்டோர்க்கும், 25 பிற்படுத்தப்பட்டோர்க்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கும், 10 ஏனையோர்க்கும் என ஒதுக்கினர். அவ்விகிதம் முதல் ஒதுக்கீட்டிற்கு உரியது. சிங்கப்பூரிலோ, 1989 முதல் அரசு அடுக்கு மாடிகளில் இன விகிதம் வகுக்கப்பட்டு, வீடு மறுவிற்பனையாகும் போதும் அது பார்க்கப்படுகிறது.