அறுபதுக்கு மேலும் தூரிகை பிடிக்கலாம்



1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நம்மில் பலருக்கு மாமா, சின்னம்மா என்று சொந்தம் உண்டு. 2009இல் யுத்தம் முடியும்வரை அவர்கள் இடம் மாறி மாறி ஓடியதில், பலரிடம் பழைய வீட்டின் போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாசல் மரமும் குளக்கட்டும் பெரியவர்கள் மனசில்தான் இருக்கின்றன. அவர்களோடு அதுவும் போய்விடக் கூடாது. அதனால்தான் இந்தப் பாடம்: வயசான பிறகும் இயற்கையைப் பார்த்துச் சித்திரம் தீட்டப் பழகலாம்.

"இந்த வயசுல நமக்கென்ன சித்திரம்?" என்று கேட்பீர்கள். கவிஞர் தாகூர் அறுபது தாண்டிய பிறகே ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1930இல் பாரிஸ் நகரில் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. "அவரு படிச்ச பெரிய மனுசன்" என்பீர்கள். சரி, ஜோதையா பாயைப் பார்ப்போம்.

இந்தியாவில், மத்தியப் பிரதேசத்து உமரியா மாவட்டத்தில், லோர்ஹா என்ற கிராமத்தைச் சேர்ந்த பைகா பழங்குடிப் பெண் அவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கணவர் இறந்த பிறகு கூலிவேலை செய்தும் விறகு விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். எழுபதை நெருங்கிய வயதில்தான் ஆசிஷ் சுவாமி என்ற ஓவிய ஆசிரியரிடம் பழகத் தொடங்கினார். முதலில் தரையில் கோலம், பிறகு சுரைக்காய், மரப்பலகை, கடைசியில் கடதாசி. இலுப்பை மரமும் புலியும் பறவைகளும் அவர் படங்களில் வந்தன. 2019இல் இத்தாலியின் மிலான் நகரில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 டிசம்பரில் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. காட்டை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே அவர் கண்ணில் இருந்தது. கைக்குத்தான் பழக்கம் தேவைப்பட்டது. கொழுந்து எது, முற்றல் எது என்று பார்த்தவுடன் பிரிக்கிற கண் உங்களுக்கும் உண்டு. வயலில் நெல்லையும் புல்லையும் பிரிக்கிற கண் வன்னி உறவுகளுக்கு உண்டு. பாதிப் பாடம் முடிந்த மாதிரிதான்!

இனி, தொடங்கும் முறை:

1. ஒரு மரத்தையே ஒரு வாரம் பாருங்கள். வன்னியில் என்றால் குளக்கட்டு மருதமரம், பாலை, பனை. இங்கே லயத்துப் பக்கத்துப் பலாமரம் போதும். கிளை எங்கே பிரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள்.

2. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடுப்புக்கரியால் கீறிப் பழகுங்கள். கை நடுங்கினால் பெரிதாகக் கீறுங்கள்.

3. செம்மண்ணை மெல்லிய சீலையில் சலித்து, தண்ணீரில் ஊறவைத்த விளாம்பிசினோடு குழைத்தால் காவி நிறம். கரித்தூளைக் குழைத்தால் கறுப்பு. மஞ்சள்தூளும் நல்ல நிறம்தான், ஆனால் வெயில் பட்டால் மங்கிவிடும்.

4. கை பழகியதும், இப்போது இல்லாத மரத்தையும் வீட்டையும் நினைவிலிருந்து தீட்டுங்கள். பின்பக்கத்தில் ஊர், வருசம், அது யார் வீடு என்று பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: அப்பாயி கீறிய மரம் கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். அது எந்த ஊர் மரம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.