காலில் ஆறாத புண்ணா? ரத்தம் சொல்வதைக் கேளுங்கள்!

"புண்ணுல வலியே இல்லீங்க டாக்டர், தானா ஆறிடும்" என்று சர்க்கரை நோயாளிகள் பலர் சொல்வதுண்டு. வலி இல்லாததுதான் ஆபத்தே! வருஷக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் கால் நரம்புகள் மரத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது. புண்ணில் கிருமி புகுந்தாலும் பலருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. அப்புறம் உள்ளே நடப்பதை எப்படி அறிவது? சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இதற்குத் துணை.

இவை என்ன?

உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கும். சில மணி நேரத்தில் ஏறும். அழற்சி தணிந்தால் சில நாட்களில் இறங்கிவிடும்.

குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்குதான் இ.எஸ்.ஆர். இது மெதுவாக ஏறும். இறங்க வாரக்கணக்கில் ஆகும். ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, முதுமை இருந்தாலும் கூடுதலாகவே காட்டும்.

எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். சி.ஆர்.பி. இறங்கி, இ.எஸ்.ஆர். மட்டும் குறையாமல் இருந்தால் 'மருந்து கேட்கலையே' என்று உடனே பதற வேண்டாம். ஆனால், காலில் புண் இருக்கும்போது இ.எஸ்.ஆர். 70-ஐத் தாண்டினால், கிருமி எலும்பு வரை போய்விட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். எலும்பின் பாதிப்பு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம். முதல் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

சி.ஆர்.பி. சரியாக இருந்தாலே புண் ஆறிவிடும் என்பதும் தப்பு. ரத்த ஓட்டம் குறைந்த காலிலும், நடக்கும்போது அழுந்துகிற இடத்திலும் புண் லேசில் ஆறாது. சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது சுருங்க வேண்டும். சுருங்கவில்லையென்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

இன்னொரு விஷயம்: சி.ஆர்.பி.யைச் சில லேப்களில் லிட்டருக்கும், சிலவற்றில் டெசிலிட்டருக்கும் கணக்கிடுவார்கள். டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 20! அளவைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள்.

தைலம் போதுமா?

ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்ந்த மத்தன் தைலத்தைச் சித்த மருத்துவத்தில் புண்ணுக்கு வெளிப்பூச்சாகப் பயன்படுத்துகிறோம். ஆனால், எலும்பில் புகுந்த கிருமியை மேல்பூச்சு எட்டாது. அங்கே ஆன்டிபயாடிக்கும், சில சமயம் ஆபரேஷனும் தேவைப்படும். கடையில் வாங்கி நீங்களாகவே பூசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* தினமும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.
* வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கூடாது.
* ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
* சிவப்பு, வீக்கம், துர்நாற்றம், கருமை தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காலத்தோடு கவனித்தால் காலைக் காப்பாற்றிவிடலாம்!